மாப்பிள்ளை நெல்லி

நெல்லிமரம் ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டினால் என்ன நடக்கும் என்று உவர்விளையில் போய்க் கேட்டுப் பாருங்கள், ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள், தண்ணி இனிக்கும் என்பார்கள், மாட்டுக்குப் புண்ணாக்கு வைத்தால் பால் கறக்கும் என்று சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். கடலுக்கும் செம்மணல் தேரிக்காட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்ட ஊர் அது. எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாக்கப்பட்டு வந்த பெண்ணின் தலைமுடி மூன்றாம் மாதமே தேங்காய்நார் ஆகிப்போகும். வாரத்துக்கு இரண்டு தடவை மிக்கேல் ஓட்டிவருகிற டேங்கர் லாரிக்கு முன்னால் குடத்தை வைத்துச் சண்டை போட்டு, சண்டையில் பாதியைச் சிந்தி, மிச்சத்தைக் குடித்துப் பிழைத்த ஊரில், அணைஞ்சபெருமாள் வீட்டுத் தோட்டத்து நெல்லி எட்டு வருஷத்துக்கு முன்னால் காய்க்கத் தொடங்கியது. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வாய் இனிப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். இந்த நெல்லியில் ஒன்றைக் கீறிப் போட்டால் குடமே இனித்தது, பொழுது சாயும்வரை இனித்தது, உப்பு போன இடம் தெரியவில்லை.

அந்த மரத்தின் பெண்டாட்டி பேராச்சி, அணைஞ்சபெருமாளின் ஒரே தங்கச்சி.

அது நடந்த கதை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. பேராச்சி பிளஸ் டூ முடித்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வந்தாள், இருபது வயதில் மாப்பிள்ளை பார்த்தார்கள், பார்த்தால் ஜாதகத்தில் செவ்வாய் எட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. முதல் தாலி கட்டுகிறவன் உயிரோடு இருக்க மாட்டான் என்று ஜோசியர் வள்ளிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், பரிகாரத்தையும் அதே மூச்சில் சொன்னார். முதல் தாலியை வாழைமரம் கட்டட்டும், கட்டின உடனே வாழையை வெட்டிச் சாய்த்துவிட்டால் செவ்வாய் கேட்ட உயிர் போய்ச் சேர்ந்துவிடும், இரண்டாவதாகக் கட்டுகிறவன் நூறு வயசு இருப்பான். ஊர் உலகத்தில் செய்கிறதுதான். ஆனால் அந்த வருஷம் அடித்த பேய்க்காற்றில் சுத்துவட்டாரத்தில் ஒரு வாழைகூட நிமிர்ந்து நிற்கவில்லை, முகூர்த்தமோ திங்கட்கிழமை. வள்ளிநாயகம் தோட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். முருங்கைக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு நெல்லிக்கன்று நின்றது, பேராச்சி எப்போதோ தின்று துப்பிய கொட்டையில் முளைத்தது.

"கனி தாற மரம் எதுவும் ஆகும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் கன்றுக்கு வேட்டி சுற்றினார்கள், மஞ்சள் பூசினார்கள், தாலிக்கயிற்றை அதன் கிளையில் தொட்டு எடுத்து, மரத்துக்குக் கை கிடையாது என்பதால் மதினி தங்கப்புஷ்பம் அதன் சார்பில் மூன்று முடிச்சுப் போட்டாள். அணைஞ்சபெருமாள் அரிவாளை ஓங்கினான். அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரிக்கு நினைப்பு வந்தது.

"ஏ நில்லும், நில்லும்! வெள்ளிக்கிழமையில்லா! நெல்லியில மகாலட்சுமி இருக்கா, இன்னைக்குப் போயி அதுமேல கத்தி படலாமா?"

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சரி, நாளைக்கு. நாளைக்குச் சனிக்கிழமை, அரிவாளை எடுத்தால் சனியன் கூடவே வந்து படுத்துக்கொள்ளும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை நெல்லியைத் தொடவே கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூ கொண்டுவந்த மாப்பிள்ளையின் அக்கா, வேட்டி கட்டிக்கொண்டு காற்றில் ஆடுகிற கன்றைப் பார்த்தாள். "கட்டினவன் உசுரோடல்லா நிக்கான்! எந்தம்பி ரெண்டாந்தாரமாக்கும்?" என்றாள். கொண்டுவந்த பூவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கல்யாணம் நின்றபிறகு கன்றை வெட்டினால் என்ன, வெட்டாவிட்டால் என்ன. ஒருத்தரும் அரிவாளைத் தேடவில்லை. ஆனால் கட்டினவன் உயிரோடு இருக்கையில் தாலியை அவிழ்க்க முடியாது என்றார்கள், தாலி கழுத்தில் கிடக்கையில் வேறு மாப்பிள்ளை பார்க்க முடியாது என்றார்கள், புருஷனுக்கு வேர் இருக்கையில் பெண் எங்கே போவாள் என்றும் சொன்னார்கள். ஒவ்வொரு பேச்சும் சரியாகத்தான் இருந்தது. அப்படியே பேராச்சியைச் சுற்றி நாலு பக்கமும் கதவு அடைத்துக்கொண்டது, யாரும் அடைக்கவில்லை.

அவளுக்கு மரத்தின்மேல் கோபம் வரவில்லை, அதுதான் வேடிக்கை. பாவம், இதுவும் என்னை மாதிரி யாரோ பிடித்துக் கட்டிவைத்து மாட்டிக்கொண்டதுதானே என்று நினைத்தாள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் கன்று கருகிவிடும் என்று டேங்கர் தண்ணீரில் தன் பங்குக் குடத்தில் பாதியை அதற்கு ஊற்றினாள், தான் ஒரு செம்பில் குளித்தாள். அடித்தூரைச் சுற்றி வட்டமாகப் பாத்தி எடுத்தாள், காய்ந்த சாணமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து வைத்தாள், வெயில் காலத்தில் தென்னைமட்டையை உரித்துப் பரப்பி ஈரம் காத்தாள், குருத்தில் புழு விழுந்து முண்டு முண்டாக வீங்கினால் அந்தக் கொப்பை மட்டும் ஒடித்து அடுப்பில் போட்டாள். வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு மரத்துக்கு முன்னால் நின்று புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். ஏழாம் வருஷம் பங்குனியில் கொப்பெல்லாம் பொடிப்பொடியாகப் பூத்தது, பூத்தது காய்த்தது, காய்த்தது ஓயவில்லை, மாசி என்றும் ஐப்பசி என்றும் பாராமல் கொத்துக்கொத்தாக இறங்கியது.

ஊறுகாய்க்கு அலசப் போட்ட காயில் ஒன்று ஒருநாள் குடத்துத் தண்ணீரிலேயே தங்கிவிட்டது. அந்தக் குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்த தங்கப்புஷ்பம் இன்னும் மூன்று தம்ளர் குடித்தாள், பருப்பை அதே தண்ணீரில் அடுப்பில் ஏற்றினாள், ஒரே கொதியில் மலர்ந்துவிட்டதைக் கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து, "ஏங்க, பருப்பு வெந்திட்டு" என்றாள். உவர்விளைக்கு அந்தச் சேதி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

ஊர் என்ன செய்தது என்கிறீர்கள்? ஒரு வாரம் வாயைப் பிளந்தது, இரண்டாம் வாரம் வரிசையில் நின்றது. பேராச்சி தன் கையால் பறித்துக் கொடுத்தால்தான் காய் வேலை செய்கிறது என்பதை மூன்றாம் வாரம் கண்டுபிடித்தார்கள், வீட்டுக்கு ஒரு செம்போடு காலையில் வந்து வாங்கிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை நெல்லி ஆகாதே என்று யாரோ இழுக்க, வள்ளிநாயகம் பஞ்சாங்கத்தைப் புரட்டாமலே, "தின்னத்தான் கூடாது, தண்ணிக்கு விலக்கு உண்டு" என்று சொல்லிவிட்டார். மரத்துக்கு மாப்பிள்ளை என்று பெயர் வந்தது. அந்தப் பக்கம் போகிற ஆம்பிளைகள் தோளில் கிடக்கும் துண்டை இறக்கிக்கொண்டு, "மாப்பிள்ளை சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கோயில்பிச்சை கூட்டம் போட்டு, ஊரில் குடிநீர்ப் பஞ்சம் அடியோடு நீங்கிவிட்டபடியால் டேங்கர் லாரி இனித் தேவையில்லை என்று தீர்மானம் எழுதி அனுப்பினார். மிக்கேல் கடைசி நடை வந்தபோது ஒரு குடம்கூட வரிசையில் இல்லை, மனுஷன் சக்கரத்தில் காலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

தோட்டக்கலை அதிகாரி ஒருவர் கேள்விப்பட்டு மரத்தைப் பார்க்க வந்தார். இலையைத் திருப்பினார், பட்டையைச் சுரண்டினார், அப்புறம் கேட்டார்: "பக்கத்தில் இன்னொரு நெல்லி எங்கே நிற்கிறது?"

"பதினைஞ்சு மைலுக்கு நெல்லியே கிடையாது சார்" என்றார் கோயில்பிச்சை.

"இருக்காதே. ஒத்தை நெல்லி இப்படிக் காய்க்காது. துணைக்கு ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் பூ காயாகும்."

ஊர்க்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து, பாத்திக்குள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்த பேராச்சியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவள் முதுகில் உணர்ந்தாள். அன்றிலிருந்துதான் அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது.

அதிகாரி சொன்னதை மரமும் காதில் வாங்கியிருக்கும்போல. அடுத்த மாதமே பேராச்சிக்கு விஷக்காய்ச்சல் கண்டு, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆட்டோ வெளிக்கேட்டைத் தாண்டியதுதான் தாமதம், மரம் அத்தனை காயையும் உதிர்த்தது, தகரக் கூரைமேல் தடதடவென்று விழுந்த சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. அதே நேரம் வீட்டுக்கு வீடு குடத்துத் தண்ணீர் கரித்தது, உலையில் கொதித்த அரிசி வேகாமல் நின்றுபோனது, பால்புட்டி வாயில் வைத்த பிள்ளைகள் துப்பிவிட்டு வீறிட்டன. ஊரே ஆட்டோவுக்குப் பின்னால் ஓடியது. யாரும் அதட்டவில்லை, அடிக்கவில்லை, கைகூப்பினார்கள், அழுதார்கள், ஆட்டோவை அப்படியே பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அணைஞ்சபெருமாள் டாக்டரை வீட்டுக்குக் கூட்டிவந்தான். குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட இடம் தேடியபோது மாப்பிள்ளையைவிட வசதியான இடம் இல்லை. நெல்லிக் கொப்பில் பாட்டில் தொங்க, அடியில் கட்டிலில் பேராச்சி கிடக்க, சொட்டு இறங்க இறங்கப் பூ விட்டு, மூன்றே நாளில் காய் பிடித்தது.

அதன்பிறகு ஊருக்கு அவள்மேல் வந்த அன்பு இருக்கிறதே, அப்பப்பா! அவள் எங்கும் போகவேண்டாம் என்று எல்லாவற்றையும் அவளிடம் கொண்டுவந்தார்கள். ரேஷன் கடைக்காரர் கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். வளையல்காரர் வந்தார். தேர் போகிற வழியைத் திருப்பி அவள் தெருவில் விட்டு, அம்மனையே கேட்டுக்கு முன்னால் நிறுத்தித் தீபாராதனை காட்டினார்கள். அவளுடைய சிநேகிதி மகள் சடங்கை அவள் வீட்டுத் தோட்டத்திலேயே பந்தல் போட்டு நடத்தினார்கள், உனக்காகத்தான் பேராச்சி, உனக்காகத்தான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். காய் திருடுபோகாமல் இருக்கச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள், சுவர் ஆள் உயரத்துக்குமேல் போனதும் கடலிலிருந்து வந்த காற்று நின்றது, தெருவில் போகிறவர்களின் தலைச்சுமை மட்டும் சுவருக்குமேல் நகர்ந்து போவது தெரிந்தது. கேட்டுக்குப் பூட்டு கிடையாது. பூட்டு எதற்கு? அவள் கேட்டில் கைவைத்தாலே மரத்தில் ரெண்டு காய் 'பொட் பொட்'டென்று விழும், எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல், "என்ன வேணும் பேராச்சி? நீ இரி, நான் வாங்கியாறேன்" என்று ஓடிவரும்.

அவளுக்கு வேண்டியது கடையில் விற்கிற சாமானாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆறு வயதில் அப்பாவோடு ஒருதரம் மேற்கே மலைப்பக்கம் போய் ஏதோ ஓடையில் கைவைத்துத் தண்ணீர் அள்ளிக் குடித்திருந்தாள். அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்பது மறந்துவிட்டது, யாரிடமும் எதையும் கேட்காமல் அது பாட்டுக்கு ஓடியது மட்டும் நினைவில் இருந்தது. தன் தயவு இல்லாமல் வருகிற தண்ணீரைச் சாவதற்குள் ஒரு வாய் குடித்துவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். கேட்டால் சின்ன ஆசை. அதற்கு ஊரே குறுக்கே படுத்திருந்தது.

வழி தேடாமலும் இல்லை. துணைக்கு இன்னொரு நெல்லி நின்றால் தன்னை விட்டுவிடுவார்களே என்று கொட்டைகளை வெயிலில் காயவைத்து வெடிக்கவிட்டு, உள்ளே இருக்கிற விதையை எடுத்துப் பால்கவரில் மண் நிரப்பி ஊன்றி, முளைத்ததை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். "வீட்டுக்கு ஒண்ணு வச்சு வளத்தா எல்லாருக்கும் ஆகும்லா" என்றாள். ஆகா, ஆகா என்று வாங்கிப் போனார்கள். ஒன்றை ஆடு கடித்தது, ஒன்று கவரோடவே காய்ந்தது, ஒன்றின்மேல் பைக்கை நிறுத்தினார்கள். மறுவருஷமும் கொடுத்தாள். நீதான் இருக்கியே தாயி, பெறகு எதுக்கு என்று சிரித்தார்கள்.

இப்படி எட்டு வருஷம் போனபிறகு, முப்பத்தைந்து வயது முடிய நாலு மாதம் இருக்கையில், பேராச்சிக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருதரம் அவள் விடாமல் புதுப்பித்துவந்த பதிவு ஒருவழியாக முளைத்திருந்தது. முன்னே ஒருதரம் நேர்காணல் என்றபோது, வரமுடியாத சூழ்நிலை என்று அவள் எழுதிப் போட, யாரோ ஒரு நல்ல அதிகாரி போனிலேயே கேள்வி கேட்டு முடித்திருந்தார். ஐம்பது பேருக்குச் சாம்பார் வைக்க எத்தனை படி பருப்பு என்று கேட்டார், தண்ணி எப்படிப்பட்டதுன்னு சொல்லுங்க சார், அப்புறம் சொல்லுதேன் என்று இவள் சொன்னாள், அவர் சிரித்துவிட்டார். இப்போது உத்தரவே வந்துவிட்டது. மலையடிவாரத்தில் அரசுப் பெண்கள் விடுதியில் சமையலர். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பணியில் சேராவிட்டால் உத்தரவு ரத்து.

உத்தரவு வந்த சேதி பேராச்சிக்குக் கடைசியாகத்தான் தெரியும். உறையில் அரசு முத்திரையைப் பார்த்த தபால்காரர் பதறிப்போய்த் தலைவரிடம் கொடுத்தார், தலைவர் பிரித்துப் படித்துவிட்டு ஜோசியரிடம் கொடுத்தார், ஜோசியர் அணைஞ்சபெருமாளிடம் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர்கள் எல்லாரும் தோட்டத்துக்கு வந்து, மாப்பிள்ளை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"உனக்கு இங்க என்ன கொறை, சொல்லு" என்றார் கோயில்பிச்சை, குரலில் அப்படி ஒரு கனிவு. "ஊரு ஒன்னத் தலையில வச்சுத் தாங்குது. அந்நிய ஊருல அடுப்புல வேகப்போறேங்கியா?"

"லெட்டர நான் படிக்கலாமா?" என்றாள் பேராச்சி.

அணைஞ்சபெருமாள் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். தன் பெயரை அச்சில் பார்த்தபோது கண்ணில் நீர் முட்டியது, விரலால் அந்த எழுத்தைத் தடவினாள்.

கோயில்பிச்சை இன்னொரு தாளை நீட்டினார். சொந்தக் காரணங்களால் மேற்படிப் பணியில் சேர விருப்பமில்லை என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது, அடியில் அவள் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"அண்ணாச்சி, எனக்கு விருப்பமிருக்கே" என்றாள் பேராச்சி.

"விருப்பம் யாருக்குத்தான் இல்ல? பச்சப்புள்ளைகளுக்கெல்லாம் உப்புத்தண்ணிய ஊத்திட்டுப் போவியா? ஒனக்கு மனசு வருமா?" இது வள்ளிநாயகம்.

அங்கேதான் அவளுக்கு வலித்தது. மனசு வராது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆட்டோவுக்குப் பின்னால் அன்றைக்கு ஓடிவந்த பிள்ளைத்தாய்ச்சிகளின் முகம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. "மரத்தை வெட்டிருங்களேன்" என்று வாய்வரை வந்ததையும் விழுங்கினாள், தன் பங்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை வெட்டச் சொல்ல நாக்கு எழவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க" என்று மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமைதானே ஆடிப் பதினெட்டு, அன்றைக்கு ஊரே இங்கேதான் இருக்கும், அவள் எங்கே போய்விடுவாள் என்று அவர்கள் தாளை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

புதனும் வியாழனும் அவள் மரத்துக்கு எப்போதும்போல வேலை செய்தாள். காய்ச்சுமையில் வளைந்த கொப்புக்குக் கவட்டைக்கம்பு முட்டுக்கொடுத்தாள். நெல்லிக்கொப்பு வளைகிறமாதிரி இருக்கும், படக்கென்று முறிந்துவிடும். "நான் என்ன செய்யட்டும், நீதான் சொல்லேன்" என்று கேட்டாள். பதினைந்து வருஷம் கூட இருந்த புருஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கப்புஷ்பம் கொல்லைப்பக்கம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழன் மத்தியானம் சொசைட்டிக் கடைக்குப் போய் ஒரு புதுத் தாலிக்கயிறு வாங்கிவந்தாள், வந்தவள் பரணிலிருந்து ரெக்சின் பையையும் இறக்கித் துடைத்து வைத்தாள். எதற்கு என்று அணைஞ்சபெருமாள் கேட்டதற்கு, "பாச்சை அரிக்கி" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஆறு இல்லாத ஊரில் ஆடிப்பெருக்கை எங்கே போய்க் கொண்டாடுவது? எட்டு வருஷமாக உவர்விளைக்கு ஆறும் அணையும் எல்லாமே மாப்பிள்ளைதான். பெண்கள் புளியோதரையும் தேங்காய்ச்சோறும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, இனித்த தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து மரத்துக்கு முன்னால் வைத்து, மஞ்சளும் பூவும் போட்டு, குலவை விட்டார்கள். ஆண்கள் கேட்டுப் பக்கம் நின்றுகொண்டார்கள், சும்மாதான் நிற்கிறார்கள் என்பதுபோல நின்றார்கள். பேராச்சி குளித்து, பச்சைச் சேலை கட்டி, மரத்துக்கு முன்னால் வந்து நின்றாள். தங்கப்புஷ்பம் தாம்பாளத்தில் புதுக்கயிறை நீட்டினாள்.

தாலிக்கயிறு மாற்றுகிற முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். புதியதை முதலில் கட்டிக்கொண்டு, அப்புறம்தான் பழையதை அவிழ்க்க வேண்டும், ஒரு கண நேரம்கூட கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது. பேராச்சி புதுக்கயிறைக் கையில் எடுத்தாள். எடுத்து, அதைப் பார்த்தாள். முதல் வருஷம் மரத்தின் சார்பில் மதினி கட்டினாள். அதற்கப்புறம்? அதற்கப்புறம் பதினாலு ஆடிக்கும் இதே இடத்தில் நின்று, இதே கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய், யாரும் பிடித்து அழுத்தாமல் மூன்று மூன்று முடிச்சாகப் போட்டுக்கொண்டது யார்? மரம் ஒருதரம்கூடக் கேட்கவில்லையே. அட பாவிமக்கா, ஊரெல்லாம் சேர்ந்து அரிவாளையும் மரத்தையும் மட்டும் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தோமே, நானும் பார்த்தேனே என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

புதுக்கயிறைத் தாம்பாளத்திலேயே திருப்பி வைத்தாள். இரண்டு கையையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோய்ப் பழைய முடிச்சை அவிழ்த்தாள்.

"அடி ஏய்! புதுசக் கட்டிட்டுல்லா பழச அவுக்கணும்!" என்று பெண்கள் அலறினார்கள். ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். குலவை பாதியில் நின்றது.

பேராச்சி அந்தப் பழைய கயிறை நெல்லியின் அடிமரத்தைச் சுற்றிப் போட்டாள். பருத்துப்போன மரத்துக்கு அது எட்டாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், சரியாக எட்டியது. மூன்று முடிச்சுப் போட்டாள். பட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டு, "நீ தந்தத நீயே வச்சுக்க. ஒன்னால நான் கெடல, என்னால நீயும் கெட வேண்டாம். இனிமே நீ ஒம்பாட்டுக்கு நில்லு, நான் எம்பாட்டுக்குப் போறேன்" என்றாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள். ரெக்சின் பை தங்கப்புஷ்பத்தின் காலடியில் தயாராக இருந்தது, அவள் அதைக் காலாலேயே முன்னால் நகர்த்திவிட்டாள்.

கேட்டில் கோயில்பிச்சை இரண்டு கையையும் விரித்தார். "தாயி, ஊரு நாக்கு வறண்டு செத்துப்போகும்."

"டேங்கருக்கு எழுதுங்க அண்ணாச்சி. காகிதம் எழுதத்தான் உங்களுக்கு நல்லா வருதே."

அவர் கை தானாக இறங்கியது. பேராச்சி கேட்டுக்கு வெளியே ஒரு காலை வைத்தாள். ஊர் முழுக்க ஒரே சமயத்தில் மரத்தின் பக்கம் திரும்பியது, தகரக்கூரைமேல் தடதடவென்று விழப்போகிற சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டவர்களும் உண்டு. ஒரு காய் விழவில்லை. இரண்டாவது காலை வைத்தாள். ஒரு இலைகூட அசையவில்லை. விழட்டும், விழுந்ததும் கூப்பிடுவோம், விழுந்ததைக் காட்டி அழுவோம் என்று அவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள், கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தார்கள், அவள் போவதை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஏழு ஐம்பது பஸ் முக்கில் ஹாரன் அடித்துவிட்டுப் போன பிறகுதான் அணைஞ்சபெருமாளுக்கு உறைத்தது.

"ஓடிப்போய்க் கூப்பிடுட்டீ!" என்றான் பெண்டாட்டியிடம்.

"எதுக்கு? அவ காய ஒண்ணும் எடுத்துட்டுப் போகலயே, எல்லாம் மரத்துலதான் நிக்கி. பறிச்சுக்கிடுங்க" என்றாள் தங்கப்புஷ்பம்.

பறித்தார்கள். ஏணி வைத்துப் பறித்தார்கள், தொரட்டி போட்டுப் பறித்தார்கள், கீறிக் குடத்தில் போட்டார்கள். நல்ல நெல்லிக்காய், புளிப்பும் துவர்ப்புமாக. தண்ணீர் கரித்தது. மூன்று நாள் பொறுத்தார்கள், நாலாம் நாள் காலிக்குடங்களை மெயின்ரோட்டில் வரிசையாக வைத்துக் கோயில்பிச்சை தலைமையில் மறியல் செய்தார்கள், பத்தாம் நாள் மிக்கேல் டேங்கரை ஓட்டிக்கொண்டு வந்தார், வழக்கம்போலச் சண்டை போட்டுப் பாதியைச் சிந்தினார்கள். பால்கவரில் காயாமல் மிச்சமிருந்த ஒரு நெல்லிக்கன்றுக்கு யாரோ பாத்தி எடுத்திருக்கிறார்கள் என்றும் கேள்வி.

ஊர்க்கதை அப்படிப் போகட்டும். அந்த வெள்ளிக்கிழமை, பேராச்சி மூன்று பஸ் மாறிப் போனாள். வழி நெடுக அவள் கை அடிக்கடி கழுத்துக்குப் போனது, கயிறு இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு தடம் இருந்தது, அதைத் தேய்த்துக்கொண்டே ஜன்னலில் பார்த்துவந்தாள். கடைசி பஸ் மலையை ஒட்டித் திரும்பியபோது சாரல் உள்ளே அடித்தது, கண்டக்டர் ஷட்டரை இறக்கச் சொன்னார், அவள் இறக்கவில்லை. நாலரை மணிக்கு விடுதி வாசலில் இறங்கினாள். கையெழுத்துப் போட்டாள். புது சமையல்காரக்காவைப் பார்க்கப் பிள்ளைகள் கதவோரம் கூடிவிட்டார்கள், அதில் ஒருத்தி குழாயில் ஒரு தம்ளர் பிடித்துவந்து கொடுத்தாள்.

"மலைத்தண்ணிக்கா. குடிச்சுப் பாருங்க."

பேராச்சி பயந்துகொண்டேதான் வாயில் வைத்தாள். எட்டு வருஷம் தன் கையால் இனித்த நாக்கு. உப்பு இல்லை. இனிப்பும் இல்லை. ஒரு ருசியும் இல்லை, சப்பென்று, சில்லென்று, அது பாட்டுக்கு உள்ளே இறங்கியது.

"எப்படிக்கா இருக்கு?"

காலித் தம்ளரை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் தா."